தாய்மாமன் பன்றி வர இயலாமை குறித்து

மலக்குலாவின் தெற்குக் கரைத் தீவிலிருந்து,
ஜூன் 14, வெள்ளிக்கிழமை.

என் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் என்னைக் கேலி செய்யாமல் ஒரு கடிதத்தையும் முடித்தறியாத மாப்பிள்ளை ஹோசெயா அவர்களுக்கு, மைத்துனன் ஓபேத் மசிங் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி எட்னாவும் கோழிகளும் நலம். அங்கே தலைநகர் வீலாவில் தாங்களும் தங்கை மெரியனும் மணமகன் ரெக்சனும் நலமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்டுக்கொள்கிறேன். மேற்படி நலப் பட்டியலில் பன்றியை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லையென்றால் தயவுசெய்து இப்போது கவனிக்கவும்.

ரெக்சன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக நான் வாக்குக் கொடுத்திருந்த பன்றி, ஏழு ஆண்டுகளாக எட்னா சேப்பங்கிழங்கை வேகவைத்து, ஆறவைத்து, மசித்து, கையால் ஊட்டி வளர்த்த பன்றி, கோரைப்பல் கொம்புபோல் வளைந்து ஏறக்குறைய முழு வட்டமாகிவிட்ட அந்தப் பன்றி, ஆகஸ்டில் உங்களை வந்து சேராது. நாளைக் காலை அது ஊர்ப்பொதுவுக்குப் போகிறது. பெண் வீட்டார் முன்னால் தாய்மாமன் பன்றி இல்லாமல் நீங்கள் போய் நின்றால் என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சில் பாதியை உங்கள் கல்யாணத்தில் நானே பேசியிருக்கிறேன். ஆகவே, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டவும்.

இது ஒரு சந்தேகத்தில் ஆரம்பித்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை ஊர்க்கூடமான நகமாலில் காவா வேர்ச்சாறு குடித்துவிட்டு எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் கண் வைத்தியத்துக்காக வீலாவுக்குப் புறப்படவிருந்த தலைவர் சைலஸ், "கடலக் கொஞ்ச நாள் சும்மா விட்டா அது மூச்சு வாங்கிக்கும். அப்புறம் பாரு, மீன் தானா வரும்" என்றார். உடனே ஹாரிசன், அவன்தான், ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதில் தனக்கு நிகரில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்பவன், "மீனுக்கு என்ன வாசிக்கவா தெரியும் தலைவரே, நம்ம தடை ஓலையப் பாத்துட்டு இங்கயே தங்குறதுக்கு? நீரோட்டம் கொண்டாந்தா வரும், இல்லன்னா இல்ல" என்றான். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். எனக்கோ இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவனுக்கு இப்படி இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டால் தூக்கம் வராது. உதாரணத்துக்கு, செடிக்கு வெளிச்சம் வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டால் நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு டப்பாவில் அவரை விதை போட்டு, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைப்பேன். பதில் தானாக முளைக்கும். கடலுக்கும் அதேதான், இரண்டு டப்பா வேண்டும், அவ்வளவுதான்.

டப்பாக்கள் தயாராகவே இருந்தன. கிழக்கே உள்ள பவளத்திட்டு நம் குடும்பத்துடையது. மேற்கே உள்ளது ஹாரிசன் குடும்பத்துடையது. ஒரே ஆழம், ஒரே அளவு. கிழக்கை மூடிவிட்டு மேற்கைத் திறந்தபடி விட்டு, மூன்று மாதம் கழித்து இரண்டையும் எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் நம் திட்டில் இறங்கி எண்ணினேன். பெருஞ்சிப்பி பத்தொன்பது. இருபது என்றும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று கல்லாகவும் இருக்கலாம். பிறகு ஒரு கம்பை நட்டு, இனி இங்கே யாரும் இறங்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று அதில் நமேலெ ஓலையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நமேலெ ஓலை கட்டியிருந்தால் எதற்கு என்று கேட்பது நம் ஊரில் மரியாதை இல்லையே. என் பரிசோதனை அந்த மரியாதையை நம்பித்தான் நின்றது, மாப்பிள்ளை. அதே மரியாதையால்தான் கவிழ்ந்தது. நான்காம் நாள் காலையில் பார்க்கிறேன், மேற்குத் திட்டிலும் ஒரு கம்பு, அதில் என்னுடையதைவிடப் பெரிய ஓலை.

"என்ன ஹாரிசன், நீயும் கட்டிட்ட?" என்றேன்.

"பின்ன? உங்க பக்கம் மூடிட்டா ஊரே என் பக்கந்தான வந்து விழும்? எல்லாருக்கும் ஆக்கிப் போடவா நான் கடல் வச்சிருக்கேன்?"

"நீ தொறந்து வச்சாத்தான்டா என் எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும்."

"அப்படி ஒரு எண்ணிக்கை இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, வாத்தியாரே, உங்களுக்கு முந்தி நான் கட்டியிருப்பேன்."

அவனோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு திட்டும் மூடிவிட்டதால் ஜனங்கள் சதுப்புக் காட்டு நண்டுக்குப் போனார்கள். உடனே அந்தப் பக்கத்துக்காரி லிசிமா, புருஷன் போன பிறகு நண்டை நம்பியே வீடு கட்டியவள், அங்கே ஓலை கட்டினாள். ஜனங்கள் மேட்டுக்குப் போய்த் தென்னை நண்டு தேடினார்கள். மேட்டுக்காரர்கள் ஓலை கட்டினார்கள். தேவாலய வாலிபர் சங்கம், தங்களுக்கென்று மூட ஒன்றும் இல்லையே என்ற வருத்தத்தில், பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் ஆலமரத்தை மூடியது. மூன்றாம் வாரக் கடைசியில் ஊரில் ஓலை இல்லாமல் இருந்தவை கிணறும் தேவாலயமும் மட்டும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கடையில் வாங்கிய டின் மீனைத் திறந்து சோற்றில் கொட்டிக்கொண்டிருந்தோம். கிழங்கைத் துருவி வேகவைத்த லப்லப்பின் மேலேயும் டின் மீன்தான். "சீக்கிரம் சாப்பிடுங்க, டின்னுக்கும் எவனாவது ஓலை கட்டிரப் போறான்" என்றாள் லிசிமா.

இதற்கு நடுவில் ஒரு சிறு சிக்கலை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை என்பது தெரிய வந்தது. ஓலை கட்டிய இடத்தில் கட்டியவனும் கால் வைக்கக் கூடாது. கால் வைக்காமல் எப்படி எண்ணுவது? பள்ளிக்கூடத்து இருகண் நோக்கியை, இப்போது அது ஒருகண் நோக்கிதான், வாங்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிப் பார்த்தேன். கறுப்பாக ஒன்று அசைந்தது. அரை மணி நேரம் அதைப் பற்றிக் குறிப்பெழுதிய பிறகு அது மாங்கிளையின் நிழல் என்று தெரிந்தது. அடுத்து, தோணியில் போய் எல்லைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். கரையிலிருந்து ஹாரிசன் கத்தினான்: "வாத்தியாரே, உங்க நிழல் உள்ள விழுது. நிழலும் உங்களோடதுதான?" அவன் கேட்டது சரியான கேள்வி என்பதால் வெயில் திரும்பும்வரை காத்திருந்து மறுபக்கம் போனேன். மறுநாள் என்னை வேடிக்கை பார்க்க நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் பதினைந்து பேர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திறந்திருந்த காலத்தில் நாம் யாரும் அந்தத் திட்டைப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை. இறங்குவோம், எடுப்போம், ஏறுவோம். இப்போது எடுக்க முடியாது என்று ஆனதும் எல்லோரும் கரையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பேய்க்கணவாய் தன் பொந்தின் வாசலில் சிப்பி ஓடுகளை அடுக்கி வைத்துக்கொள்வதையும், அதைப் பக்கத்துப் பொந்துக்காரன் வந்து திருடிப் போவதையும் லிசிமா எனக்குக் காட்டினாள். "இத்தன வருஷமா இதத் தின்னுட்டிருக்கேன், இதுக்கு வீட்டுச் சண்டை உண்டுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். கிளிமீன்கள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மேயும் என்பதில் இப்போது ஊரில் பந்தயம் நடக்கிறது. ஹாரிசன் தினமும் தோற்கிறான்.

பிறகு பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஓதம் வந்தது. தண்ணீர் நம் வீட்டுக் கொல்லைக்குள் புகுந்து, வடியும்போது ஒரு மடவை மீனை எட்னாவின் பாத்திரம் கழுவும் தொட்டியில் விட்டுவிட்டுப் போனது. நல்ல கொழுத்த மீன். எட்னா எண்ணெய்ச் சட்டியை எடுத்துவிட்டாள். அதற்குள் வேலியோரம் கூட்டம்.

"அது மூடின தண்ணி. மூடின தண்ணில வந்தது மூடின மீன்" என்றார் ஒருவர்.

"தொட்டி என்னோடது. தொட்டிய எவனும் மூடல" என்றாள் எட்னா.

"தானா வீடு தேடி வந்திருக்குன்னா அது விருந்தாளி" என்றாள் லிசிமா. "விருந்தாளிக்குச் சட்டி வைக்கலாம் எட்னா, விருந்தாளியவே சட்டில வைக்கலாமா?"

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு நானும் ஹாரிசனும் இன்னொருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நாய்கள் வர, மடவையைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கும் டின் மீன்தான்.

போன புதன்கிழமை தலைவர் சைலஸ் புதுக் கண்ணாடியோடு திரும்பினார். படகிலிருந்து இறங்கியதும் கரை நெடுக ஓலைகளைப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி காட்டுற வேலையா, நெசமாவே இருக்கா?" என்று கேட்டார். மாலையில் நகமாலில் கூட்டம். மூடியதைத் திறக்கக் கட்டினவன் ஊருக்கு ஒரு பன்றி கொடுக்க வேண்டும், கட்டின வரிசைப்படி திறக்க வேண்டும், முதலில் கட்டினவன் பன்றி முதலில் என்பது நம் வழக்கம். யார் முதலில் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குக் கட்டினீங்க, ஓபேத்?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"எத?"

"நீங்க சொன்னது சரியான்னு."

காவா வடிகட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். தலைவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஆவலோடு முன்னால் சாய்ந்து, "சரியா?" என்று கேட்டார்.

"இன்னும் எண்ண முடியல."

"ஏன்?"

"உள்ள போகக் கூடாதே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப சனிக்கிழம காலைல பன்றியக் கொண்டாங்க. தொறந்து எண்ணிருவோம். பெரிய பன்றியா இருக்கட்டும். ஊரே ஒரு மாசமா டின் மீன் தின்னிருக்கு."

என்னிடம் உள்ள பெரிய பன்றி ஒன்றே ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். பதிலுக்கு இரண்டு பன்றிக்குட்டிகளும் பத்துப் பாய்களும் அனுப்புகிறேன். குட்டிகள் சிறியவைதான், ஆனாலும் சுறுசுறுப்பானவை. மெரியனிடம் இதை மெதுவாக, அவள் கையில் கத்தி இல்லாத சமயமாகப் பார்த்துச் சொல்லவும். எட்னா புதன்கிழமையிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பன்றியிடம் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க நான் போனால் நிறுத்திவிடுகிறாள். மாப்பிள்ளை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் ஒரு கல்யாணத்தையே சிறுமைப்படுத்திவிட்டேன். ரெக்சன் பிறந்தபோது முதலில் தூக்கிய கை இது. அந்தக் கை இப்போது வெறுமையாக வரப்போகிறது.

மணமக்கள் நீண்ட ஆயுளோடும், நிறைந்த தோட்டத்தோடும், என்னைப் போன்ற மாமன்கள் அதிகம் இல்லாமலும் வாழ ஆண்டவர் அருள்வாராக. தங்கைக்கு என் அன்பும், தங்களுக்கு என் வணக்கமும், இவ்வளவு நேரம் படித்த பொறுமைக்கு நன்றியும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் மைத்துனன்,
ஓபேத் மசிங்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. படகு மதியம்தான் புறப்படுகிறது என்பதால் எழுதுகிறேன். காலையில் தலைவரும் ஹாரிசனும் இன்னும் ஆறு பேரும் கயிற்றோடு வந்தார்கள். பன்றிப் பட்டியின் வாசலில் ஒரு நமேலெ ஓலை கட்டியிருந்தது. "யார்றா இதக் கட்டினது?" என்று ஹாரிசன் ஆரம்பிக்க, "கேக்கக் கூடாதுடா" என்று தலைவர் அடக்கினார். வள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்த எட்னா தலை நிமிராமல், "கேக்காமலே சொல்றேன், நாந்தான். ஊட்டி வளத்தவ கட்டினா செல்லுமா, செல்லாதா?" என்றாள். செல்லும் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். பிறகு, "மொதல்ல கட்டினவன் பன்றிக்கு ஓலை விழுந்துருச்சு. அப்ப ரெண்டாவது கட்டினவன் முன்னால வரட்டும்" என்றார். ஹாரிசன் கையில் வைத்திருந்த கயிற்றைப் பார்த்த பார்வையை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். பத்து மணிக்கு அவன் பன்றியைக் கொண்டு மேற்குத் திட்டைத் திறந்துவிட்டோம். ஊர் முழுதும் மீன் பொரிக்கும் வாசனை. கிழக்குத் திட்டு மூடியே இருக்கிறது. ஒன்று திறந்தது, ஒன்று மூடியது. நான் ஏப்ரலில் கேட்டதும் இதைத்தான்.

ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு, பன்றிக்குட்டிகள், பாய்கள் அனைத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். பெரிய பன்றி ரெக்சனுக்குத்தான். ஒரே ஒரு விஷயம்: பட்டியின் ஓலை இன்னும் இறங்கவில்லை. கல்யாணத்துக்காவது அவிழ்ப்பாயா என்று எட்னாவிடம் கேட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "வழக்கம் வழக்கந்தான். அவிழ்க்கணும்னா நானும் ஒரு பன்றி குடுக்கணும். அதுக்கு எனக்கு ஒரு பன்றி வரணும்" என்றாள். எனவே, மாப்பிள்ளை, பன்றியை அழைத்துப்போக வரும்போது தயவுசெய்து ஒரு பன்றியோடு வரவும்.