தட்டிப் பார்த்தவளைத் தட்டிய மெஷின்

விருத்தாசலத்தில் கணீரக்கா தட்டிப் பார்க்காமல் விட்டது மூன்றே மூன்று. ஒன்று மேலே இருக்கிற வானம், எட்டாது. இரண்டு மணிமுத்தாறு, தட்டினால் புடவை நனையும். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

ஊருக்கெல்லாம் அவள் கணீரக்கா. நான் வயதில் மூத்தவள், எனக்கு வெறும் கணீரு. இரண்டு பேரும் செராமிக் பேட்டையில் அகல் விளக்கு செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சை விளக்கைத் துடைத்து, மூக்குப் பிடித்து, விளிம்பு சரிசெய்வது என் பாடு. என் கை பட்ட விளக்கு மூக்கு கோணியதாக இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை, சொல்லவும் விடமாட்டேன். சுட்டபின் வருவது அவள் ராஜ்யம். சூளையிலிருந்து ட்ராலி வெளியே வந்து ஆறியதும், ஆள் உயரம் என்பதால் மேல்தட்டிலிருந்து அவள்தான் இறக்குவாள். விரல் முட்டியால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்ல சரக்கு. பொத்தென்றால் உள்ளே விரிசல். நேரே உடைசல் கொட்டுகிற சில்லு மேட்டுக்குப் போகும். அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேங்காயைத் தட்டுவாள், சரி. முட்டைக்கோஸைத் தட்டுவாள். பெண்ணாடம் பஸ்ஸில் ஏறுமுன் பஸ்ஸின் விலாவில் தட்டுவாள்.

“ஏறும்மா! பஸ்ஸ வெலைக்கா வாங்கப் போற?” என்று கத்துவார் கண்டக்டர்.

“பின்னாடி பொத்துன்னு கேக்குது. நான் முன்னாடி ஒக்காந்துக்குறேன்.”

என் தம்பி மகளைப் பெண் பார்க்க கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார்கள். காபி கொடுக்கிற சாக்கில் மாப்பிள்ளையின் முதுகிலேயே ஒரு தட்டு! காபி அவர் மூக்கில் ஏறியது. இவள் அசரவில்லை. “கொஞ்சம் சளி இருக்குது. விரிசல் இல்ல. பொண்ணு குடுக்கலாம்.” அந்தக் கல்யாணம் இன்றைக்கும் கணீரென்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பேர்ப்பட்ட வலது கைதான் போன வருஷம் மேலே ஏற மறுத்தது. கொண்டை போட முடியவில்லை, ரவிக்கைக்குள் கை நுழைக்க முடியவில்லை. சூளைச் செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். நல்லெண்ணெய் தேய்த்துத் தேய்த்து, அவள் வருகிற வழியெல்லாம் தாளித்த வாசனை. கை இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

கார்த்திகை தீபத்துக்கான சரக்கு வரிசையில் நின்றது. முதலாளி கெட்டவரில்லை, பதமாகத்தான் சொன்னார். “அக்கா, தீபச் சரக்கு வெளிய வரும்போது ஒங்களுக்கு மேல்தட்டு எட்டலன்னா, பேக்கிங்ல ஒக்காந்துக்குங்க. நெழலு, ஃபேனு, ஒரு கொறையும் இல்ல.”

“அடுத்தவ தட்டுன வெளக்குக்கு நான் வைக்கோலு சுத்துறதா? அதுக்கு என்னையே தூக்கி சில்லு மேட்டுல போட்டுடுங்க!”

அன்றைக்கே அவளை எலும்பு டாக்டரிடம் இழுத்துப்போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தோள்பட்டை நாருல சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்மா.”

எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. மண்ணில் சுண்ணாம்புக்கல் கலந்திருந்தால், சுட்டு எடுக்கும்போது சரக்கு அழகாகத்தான் இருக்கும். அப்புறம் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து உள்ளே கல் பூத்து உப்பும். ஒருநாள் பட்டென்று சில்லு தெறிக்கும்.

கணீருக்கு முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, நான் வெடிக்கப் போறேன்!”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

“வெடிக்க மாட்டீங்கம்மா. வெட்ட வேணாம், தைக்க வேணாம். ஷாக்வேவுன்னு ஒரு வைத்தியம் இருக்கு. வாரம் ஒரு தடவ, கொஞ்ச வாரம் வாங்க. கூடவே பயிற்சி செய்யணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. ஒங்களுக்கு எப்டின்னு பாப்போம்.”

அடுத்த வாரம் வரைக்கும் அந்தத் தோளில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. பேக்கிங் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு குளித்தாள். மழை வந்தது. குடையை வலது தோளுக்கு மட்டும் பிடித்தாள். இடதுபக்கம் முழுக்க நனைந்து, பாதி ஆள் குளித்த கோலத்தில் வேலைக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்ய கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வந்தாள். சிரித்த முகம். வந்ததும் தோளில் வழவழவென்று ஜெல்லைப் பிழிந்தாளே பார்க்கணும்!

“ஈரம்! ஈரம்! சுண்ணாம்பு மேல ஈரத்த வைக்கிறியே, நீ நல்லா இருப்பியா!” கணீரு கட்டிலிலிருந்து பாதி இறங்கிவிட்டாள்.

“அம்மா, இது அலை நல்லா உள்ள போவறதுக்கு. சத்தத்தோட அலைம்மா. தோளுல தட்டுற மாதிரி இருக்கும். சுண்ணாம்பு தளரும், அப்புறம் ஒடம்பே அத மெல்ல கரைச்சிக்கும்.”

சத்தம், தட்டு. இந்த இரண்டு வார்த்தைக்கும் கணீரின் காது விடைத்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. “சுட்ட மண்ணு எப்டிம்மா கரைக்கும்? பச்ச மண்ணுன்னா கரையும், ஒட்டும், பூசிக்கலாம். என்னச் சுட்டு எத்தன காலம் ஆவுது!”

இது அந்தப் பொண்ணு படித்த பாடமில்லை, பாவம். நான்தான் புகுந்தேன். “ஏண்டி கணீரு, நீ எப்ப சூளைக்குப் போன? சுடுகாட்டுக்குப் போற வரைக்கும் எல்லாரும் பச்ச மண்ணுதான். பேசாம படு!”

படுத்தாள். மெஷினைத் தோளில் வைத்ததும் டக்டக்டக்டக் என்று ஒரே தட்டு. ஆயுசு முழுக்க அடுத்ததைத் தட்டியவளை ஒன்று தட்டுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வலிச்சா சொல்லுங்கம்மா, கொறைக்கிறேன்.”

“வலி கெடக்கட்டும். என்னா சத்தம் வருது? கணீரா, பொத்தா?”

“அது மெஷின் சத்தம்மா.”

“அக்கா, நீ காது வச்சிக் கேளு!”

கேட்டேன். என் காது எறும்பு நடக்கிற சத்தத்தையும் பிடிக்கிற காது. அன்றைக்கு ஜெல்லைத் தவிர வேறொன்றையும் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது மெஷினின் தலையில் இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள். “நல்ல சரக்கு. அடுத்த வாரமும் வரலாம்.”

ஆனால் கை உடனே ஏறிவிடவில்லை. முதல் இரண்டு நாள் வலி கூடத்தான் செய்தது. அடுத்த வாரமும் பெரிய மாற்றமில்லை. ஒருநாள் வைக்கோல் கட்டுப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து, டீ கிளாஸைத் தட்டாமலே குடித்தாள். இவள் தட்டாமல் குடித்த டீயை நான் அதுவரை பார்த்ததில்லை.

“எந்திரிடி. அந்தப் பொண்ணு சொன்ன பயிற்சிய செய்யி” என்று சுவர்ப் பக்கம் தள்ளினேன்.

சுவரில் விரல்களை மேலே நடத்தவேண்டும், அதுதான் பயிற்சி. எட்டின உயரம் தெரிய, மண்கூழில் விரலைத் தோய்த்து நடத்துவாள். சூளைக் கூடத்துச் சுவரில் வெள்ளை வெள்ளையாக விரல் தடம் விழுந்தது. “ஆஸ்பத்திரி பல்லி ஏறுதுடோய்!” என்று கேலி செய்தார்கள். முதலில் மார்பு உயரத்தில் தடம். அப்புறம் கழுத்து. வாரம் ஏற ஏறத் தடமும் ஏறியது. கேலி செய்தவர்களே காலையில் வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள். சுவரைக் கழுவ வந்தவரை விரட்டியடித்தது நான்.

தீபச் சரக்கு வெளியே வந்தது! ட்ராலிக்கு ஒருபக்கம் கணீரு. இன்னொரு பக்கம் முதலாளி முன்யோசனையாகக் கூட்டிவந்து நிறுத்திய, எங்கள் பக்கத்து மங்களூர்க்காரப் பொண்ணு, நெட்டையாக, பனங்கன்று மாதிரி. கூடமே கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றது.

கணீரு கையைத் தூக்கினாள். மேல்தட்டுக்கு ஒரு சாண் கீழே கை நின்றுவிட்டது. மங்களூர்ப் பொண்ணு ஓரடி முன்னால் வந்தாள். “நில்லும்மா!” என்றேன் நான். கணீரு ட்ராலிக் கம்பியில் விரலை வைத்தாள். சுவரில் நடத்தின மாதிரியே, ஒரு விரல், அடுத்த விரல், பல்லியாக ஏற்றினாள், ஏற்றினாள், எட்டிவிட்டாள்! விளக்கை எடுத்து முட்டியால் ஒரு தட்டு.

கணீர்!

கூடம் போட்ட கூச்சல் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் அவளை யார் பிடிப்பது? கதவு, தூண், தண்ணீர் டிரம், கண்ணில் பட்டதையெல்லாம் தட்டினாள். மங்களூர்ப் பொண்ணின் தோளைத் தட்டி, “நல்ல சரக்கு, கீழ்த்தட்ட நீ பாத்துக்க” என்றாள். முதலாளியின் நெற்றியையும் விடவில்லை. “பொத்துன்னு கேக்குது மொதலாளி. சில்லு மேட்டுல எடமில்ல, பொழச்சிப் போங்க.”

என்னிடம் வந்தாள். கையைத் தூக்கினாள். இறக்கிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். “ஏண்டி, ஊரு ஒலகத்தையே தட்டுற. என்ன மட்டும் ஒருநாளும் தட்டுனதில்லயே, ஏன்?”

ஜெல் வாசனை போகாத தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள். “தட்டிப் பாத்து, பொத்துன்னு கேட்டுச்சின்னா நான் என்னாக்கா பண்ணுவேன்?”

மூன்றாவது நான்தான். அன்றிலிருந்து டீ குடிக்கும்போது அவளுக்கு வலதுபக்கம்தான் உட்காருகிறேன். அந்தக் கை மேலே ஏறி இறங்குவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது.