மாடிப்படியில் மூன்று நிமிடம்

உலகத்தில் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டே வகை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஒரே ஒரு முறை கடலுக்கடியில் போய்விட்டு, அதற்குப் பிறகு கரையேறவே மறுப்பவர்.

எங்கள் அலுவலகத்துத் தபால் பிரிவு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம், படகு, அப்புறம் அதைவிடச் சின்னப் படகு என்று மாறி மாறிப் போய், வரைபடத்தில் ஈ எச்சம் அளவுக்கு இருக்கும் ஒரு தீவில் இறங்கி, ரப்பர் உடுப்பும் முதுகில் சிலிண்டருமாக இருபது நிமிடம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். அந்த இருபது நிமிடத்தைச் சொல்லி முடிக்க இரண்டு வருடம் போதவில்லை. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், திறந்து, ஆமை பார்த்த கதையை ஆரம்பிப்பார். பல்வலி என்னவாயிற்று? யாருக்குத் தெரியும்.

கதையோடு விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆழத்திலிருந்து மேலே வரும்போது நடுவழியில் மூன்று நிமிடம் நின்று வரவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். நல்ல விதிதான், கடலுக்கு. இவர் அதை மாடிப்படிக்கும் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருடமாக அவரும் அவர் மனைவியும் ஏங்கிய பிரிவுத் தலைவர் நாற்காலிக்கு ஐந்தாவது மாடியில் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. கடலில் துணையில்லாமல் இறங்கக் கூடாது என்பதும் விதியாயிற்றே, அதனால் ஏறுவதற்கும் துணையாக, கூட வேலை பார்க்கும் மைத்துனனை இழுத்துக்கொண்டு கிளம்பினார். நான்காவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"மாமா, மணி பத்தாச்சு. உங்க பேரைக் கூப்பிடறாங்க."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. மூச்சை அடக்காத, சீரா விடு."

"அக்கா என்னைக் கொன்னுடுவா மாமா."

"பேசாத. காத்து வீணாகும்."

எனக்கு மைத்துனன் மேல்தான் பரிதாபம்.

உள்ளே தலைமை அதிகாரி தாமதத்துக்குக் காரணம் கேட்டார். நம்மவர் ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நானும் டைவ் பண்ணியிருக்கேன். மூணே நிமிஷமா நின்னீங்க? நான் அஞ்சு நிமிஷம் நிப்பேன். இவ்வளவு அவசரக்காரரை நம்பி ஒரு பிரிவை எப்படிங்க ஒப்படைக்கிறது?"

நாற்காலி, ஒன்பது நிமிடம் தாமதமாக வந்த வேறொருவருக்குப் போயிற்று. அவர், வீட்டில் தூங்கிப்போனவர்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவரிடம், "நாங்க போன தீவுல இப்படி இல்ல" என்று நீங்கள் ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவர் எழுந்துபோய் ரொம்ப நேரமாயிற்று.