மைசூருவில் ஆமை இறப்பு பூஜ்ஜியம்

மைசூருவில் கடல் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரண்மனை இருக்கிறது, மிருகக்காட்சிசாலை இருக்கிறது, அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் 'நீர்வாழ் உயிரின நலப் பிரிவு' என்ற அலுவலகமும் இருக்கிறது. அங்கே நான் பதினொரு மாத ஒப்பந்தத்தில் தரவு உதவியாளர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு பழக்கம். படிவம் என்று கையில் வந்தால் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். முதல் வருடம் உதவித்தொகை விண்ணப்பத்தில் 'வேறு பெயர் ஏதேனும் இருப்பின்' என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். விண்ணப்பம் எங்கள் ஊர் மார்டள்ளிக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து இல்லாததையும் இல்லை என்று எழுதிவிடுவேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம்தான் மூல காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு தலைமையகத்திலிருந்து 'கடல் உயிரினப் பாதுகாப்பு மற்றும் நீடித்த மீன்பிடிப்பு: மாவட்டவாரி சாதனைப் படிவம்' வந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே படிவம். கடல் இல்லாத மற்ற மாவட்டங்கள் அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டன. நான் நிரப்பினேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மாவட்டத்திலிருந்து கடலுக்குச் சென்ற படகுகள்: பூஜ்ஜியம். வலையில் சிக்கி இறந்த கடல் ஆமைகள்: பூஜ்ஜியம். கரை ஒதுங்கிய திமிங்கிலங்கள்: பூஜ்ஜியம். ஒவ்வொன்றையும் எழுதும் முன் ஒரு நிமிடம் யோசித்தேன். எல்லாமே உண்மைதான்.

மாநிலத்தில் நாங்கள் முதலிடம்.

கடலோர மாவட்டங்களுக்குச் சுற்றறிக்கை போனது. மைசூருவால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு குழு வந்து எங்கள் மாடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனது. தடைக்காலத்தில் படகுகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று அவர்கள் கேட்டபோது, எங்கள் உதவி இயக்குநர் பசவராஜ் சார், "மக்களின் மனநிலையை மாற்றினோம்" என்றார்.

அவர்கள் போன பிறகு தயங்கித் தயங்கி, சார், நம் ஊரில் கடல் இல்லை என்பதையும் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"படிவத்தில் அது கேட்டிருந்ததா?" என்றார் சார்.

"இல்லை சார்."

"கேட்காததை நாமாகச் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரித்துப் போ, பூங்குழலி."

முதலிடம் கிடைத்த இடத்துக்கு ஆலோசகர் வராமல் இருப்பாரா? பெங்களூருவிலிருந்து ஸ்ரீதேவி மேடம் வந்தார். நல்லவர். இளநீரைக் கூட ஸ்டீல் உறிஞ்சுகுழலில்தான் குடிப்பார். பிளாஸ்டிக் குழல் ஆமையின் மூக்கில் போய்விடுமாம். புதன்கிழமைகளில் அலுவலகம் முழுவதும் நீலம் உடுத்த வேண்டும் என்றார். உடுத்தினோம். ஆமைப் படம் போட்ட, சட்டையில் குத்தும் பொத்தான் கொடுத்தார். குத்திக்கொண்டோம். சீக்கிரமே அது ஊரில் பரவியது. கீழே பாத்திரக்கடையில் ஆமை பொறித்த டிபன் கேரியர் வந்தது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் கோட்டில் ஆமை ஏறியது. ஆமை வாரத்தின் நிறைவு விருந்தில் வஞ்சிர வறுவல் போட்டார்கள். தட்டு பாக்குமட்டை என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகுதான் ஆமைக் கதவு வந்தது.

ஆமைக் கதவு நல்ல கருவி. கடலில் இறால் பிடிக்கும் இழுவை வலையின் பைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்துவார்கள். இறால் கம்பி இடுக்கில் நுழைந்துபோகும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே போய்விடும். 'மாநிலத்தின் அனைத்து வலைகளிலும்' இதைப் பொருத்த வேண்டும், பொருத்தாதவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று உத்தரவு வந்தது. அனைத்து என்றால் எங்கள் அணை வலைகளும் சேர்த்திதானே. முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் முதலில் செய்து காட்ட வேண்டும் என்றார் ஸ்ரீதேவி மேடம்.

அப்படித்தான் லிங்கப்பன் அண்ணன் மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருடமாக மைசூருவுக்கு வெளியே இருக்கும் அணையில் பரிசல் போட்டுக் கட்லா, ஜிலேபி மீன்கள் பிடிக்கிறார். உரிமம் மாதக் கடைசியில் முடிகிறது. உரிமம் இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் பரிசலையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவருக்கு வேறு தொழில் கிடையாது.

"அம்மணி, என்ற வலை சேலை காயப்போட்ட மாதிரி தண்ணிக்குள்ள தொங்குமுங்க. அதுல எங்கீங்க கதவு வெக்கறது?" என்றார்.

நான் விதியைப் படித்துப் பார்த்தேன். 'வலையுடன் கதவு இருத்தல் வேண்டும்' என்று இருந்தது. வலையில் என்று இல்லை. இதை நான் சுட்டிக்காட்டியதும் சார் என்னை முதன்முறையாகப் பாராட்டினார். லிங்கப்பன் அண்ணன் இருபத்தெட்டு கிலோ சட்டத்தைப் பரிசலில் ஏற்றிப் பார்த்தார். ஒன்று சட்டம் போகலாம், இல்லாவிட்டால் மீன் போகலாம் என்று தெரிந்தது. அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி சித்தம்மா அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக மாட்டினார். வலையும் அதே சுவரில்தான் தொங்குகிறது. வலையுடன் கதவு இருந்தது. ஸ்ரீதேவி மேடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். கோழியும் படத்தில் நன்றாக விழுந்திருந்தது.

மீதி இருந்தது ஒரே ஒரு படிவம். 'உரிமதாரரின் வலையில் கடந்த ஆண்டு சிக்கிய ஆமைகள்.' பூஜ்ஜியம் என்று எழுதப்போனேன். என் பழக்கம் விடவில்லை. அண்ணா, ஆமை ஏதாவது சிக்கியதா என்று கேட்டேன்.

"ஆறு சிக்குச்சுங்க. கடலாமை இல்லீங்க, நம்ம அணை ஆமைதான்."

"என்ன பண்ணீங்க?"

"வலைய அறுத்து உட்டுட்டேன். இழுத்தா அதுக்குக் கால் போயிருமுங்க. வலை கெடக்குது, ரெண்டு நாள் உக்காந்தா பின்னிக்கலாம்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் மேடமும் சாரும் மாதக்கணக்காகப் பேசியதை ஒரு மனிதர் செய்திருக்கிறார். இதை எழுதினால் உரிமம் என்ன, பரிசே கொடுப்பார்கள் என்று நினைத்தேன். 'சிக்கியவை: 6' என்று போட்டேன். விடுவித்தவை என்று ஒரு கட்டத்தைத் தேடினேன், இல்லை. அதனால் குறிப்பு என்ற இடத்தில், 'அனைத்தும் உயிருடன் விடப்பட்டன' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை கணினித் திரை சிவப்பாக இருந்தது. மைசூரு முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போயிருந்தது. கடலோரத்தில்கூட ஒரே வலையில் ஆறு என்று யாரும் எழுதவில்லை. லிங்கப்பன் என்ற பெயருக்கு நேரே 'ஆமைகளுக்கு ஆபத்தானவர், உரிமம் நிறுத்தம்' என்று வந்திருந்தது. குறிப்பு என்ற இடத்தை இயந்திரம் படிக்காதாம்.

சார் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"உன்னை யார் கேட்கச் சொன்னது?"

"உண்மையைத்தான் எழுதினேன் சார்."

"நீ உண்மையை எழுதினாய். அவன் தண்ணீரில் இறங்க முடியாது. பொய் எழுதிய மாவட்டங்களின் ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். திருத்தம் செய்ய இன்று ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. உன் கையில்தான் இருக்கிறது."

சாயங்காலம் நாலேமுக்காலுக்கு ஆறை அழித்துப் பூஜ்ஜியம் போட்டேன். அதுவரை படிவங்களில் நான் போட்ட பூஜ்ஜியங்கள் எல்லாம் உண்மை. இது ஒன்று மட்டும் பொய். இது ஒன்றுதான் யாருக்காவது உபயோகப்பட்டது. திரை பச்சையானது. லிங்கப்பன் அண்ணனின் உரிமம் அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்தது. நாங்கள் மீண்டும் முதலிடம். என் ஒப்பந்தத்தையும் பதினொரு மாதம் நீட்டினார்கள்.

லிங்கப்பன் அண்ணன் உரிமத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார். "அம்மணி, இனி ஆமை சிக்குனா அறுத்து உடட்டுமுங்களா, வேண்டாமுங்களா?"

அதற்கு விதியில் பதில் இல்லை. அறுத்து விடுங்கள் அண்ணா, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். ஏதோ திருட்டுக்கு யோசனை சொல்வது போல இருந்தது.

பிறகு விருது விழா வந்தது. அதற்கும் ஒரு படிவம். 'இப்பிரிவின் முயற்சியால் காப்பாற்றப்பட்ட ஆமைகள்.' வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு சாரிடம் கொடுத்தேன்.

விழாவுக்கு லிங்கப்பன் அண்ணனும் வந்திருந்தார். பயனாளி என்ற முறையில் அவருக்கும் ஒரு ஆமைப் பொத்தான் குத்தியிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் சான்றிதழை வாசித்தார்கள். அயராத களப்பணியாலும் நவீன ஆமைக் கதவாலும் மைசூரு நீர்வாழ் உயிரின நலப் பிரிவு சென்ற ஆண்டு காப்பாற்றிய ஆமைகள், ஆறு.

காலிக் கட்டத்தை சாரே நிரப்பியிருக்கிறார்.

லிங்கப்பன் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "அம்மணி, அந்த ஆறும் நம்ம ஆறுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"பரவால்லீங்க. எழுத்துல ஏறிருச்சல்லோ," என்று சொல்லிவிட்டுக் கை தட்டத் தொடங்கினார். அவர் தட்டுவதைப் பார்த்து அரங்கமே தட்டியது. நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஸ்ரீதேவி மேடத்தின் உதவியாளர் ஒரு படிவத்துடன் வரிசை வரிசையாக எங்களை எண்ணிக்கொண்டு வந்தார். கை தட்டியவர்கள், கை தட்டாதவர்கள் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் அதுவரை பூஜ்ஜியம் இருந்தது.

அந்தப் பூஜ்ஜியத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.