பாசி பிடித்த தொட்டியை உடனே வந்து எடுத்துப் போகவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் உடம்பளவில் சுகம். தாங்களும் புது வேலை, புது வீடு, புது ஊர் என்று சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன? தலைவலியை எங்கள் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனவருக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்? மரியாதை இத்துடன் முடிந்தது. இனிமேல் உனக்குத் "தாங்கள்" கிடையாது, "நீ"தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் சிக்னல் சரியில்லை என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதிப் பாதி உன் மேஜை மேலேயேதான் கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உன் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை எடுத்துக்கொண்டு போ. நீ வராவிட்டால் மறுநாளே வளர்ப்பு மீன் விற்கிற மீன்கடைக்காரர் ஆளோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார், அவரிடம் பேசிவிட்டேன். என்னடா இந்த மனுஷன் ஒரு கண்ணாடித் தொட்டிக்காக இப்படிக் குதிக்கிறாரே என்று நினைக்காதே. என் பெண்டாட்டி என்னோடு பேசி வெகு நாளாகிறது, மாப்பிள்ளை. அதற்குக் காரணம் அந்தத் தொட்டி. அது இந்த வீட்டை விட்டுப் போனால்தான் அவள் என்னோடு பேசுவாள். எனக்கு என் பெண்டாட்டி திரும்ப வேண்டும்.

நீ விட்டுப் போன அன்றைக்கு என்ன சொன்னாய்? வீடு கிடைக்கிறவரை கொஞ்ச நாள்தான் என்றாய். மீனுக்குத் தீனி போட வேண்டும், வற்றுகிற அளவுக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றதையெல்லாம் தொட்டி தானே பார்த்துக்கொள்ளும் என்றாய். தொட்டி தானே பார்த்துக்கொண்டது என்னவென்றால் பாசி வளர்ப்பதைத்தான். முதலில் மணல் மேல் மூக்குப்பொடி கொட்டினாற்போல் பழுப்பாக ஒரு படலம். போகட்டும் என்று விட்டேன். அப்புறம் கண்ணாடியில் பச்சை. அதையும் துடைத்தேன். அப்புறம் கல்லுக்கெல்லாம் பச்சைத் தலைமுடி முளைத்தது. எனக்கு நாற்பது வயதிலேயே கொட்டிப்போன முடி உன் கல்லுக்கு அப்படி அடர்த்தியாக வளர்ந்து, தண்ணீரில் அலை அலையாக ஆடுகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

நான் யார்? லாண்டரிக்காரன். தலைமுறை தலைமுறையாகக் கறையோடு சண்டை போட்டவன். எண்ணெய்க்கறை, மைக்கறை, துருக்கறை, ஒருவரும் எடுக்க முடியாது என்று கைவிட்ட கறை எல்லாம் என்னிடம்தான் வரும். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில், பச்சைப் பசேல் என்று ஒரு தொட்டி நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? கடைக்குத் துணி போட வருகிறவர்கள் என்னை நம்புவார்களா? அதனால் ஒரு நாள் கல்லையெல்லாம் எடுத்துக் கூடையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கொதிக்கிற வெந்நீரில் முக்கி, காலர் தேய்க்கிற பிரஷால் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்து, இன்னொரு முறை வெந்நீரில் அலசினேன். கல் வந்தது பார், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெள்ளை வெளேர் என்று. கொண்டுவந்து அடுக்கிவிட்டு உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னாள், இப்போது கேட்டால் இல்லவே இல்லை என்று தலையாட்டுகிறாள்.

மறுநாள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. அதற்கும் மறுநாள் அந்த மஞ்சள் மீன் செத்துப்போனது. மஞ்சளை உனக்குத் தெரியும், உன்னிடம் இருந்தவரை அது பத்தோடு பதினொன்று. உன் அக்காவிடம் வந்த பிறகு அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தால் எதிரே வந்து நிற்கும், அவள் நடந்தால் கூடவே நீந்தும். அதைச் சின்ன வலையால் எடுத்தபோது அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையோடு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

மீன்கடைக்காரரிடம் ஓடினேன். அவர் காதில் போனை வைத்துக்கொண்டே, கல்லை வெந்நீரில் போட்டீங்களா என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்குமாம், அவைதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம், நான் மொத்தக் குடியிருப்பையும் அவித்துவிட்டேனாம். கல்லுக்குள் ஆள் இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? லாண்டரிக்காரன் கையில் அழுக்கான பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் அதைத் தோய்க்காதே என்று சொல்ல வேண்டாமா?

அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைக் கேள். உன் அக்கா என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மிச்சமிருக்கிற கோமாளி மீன் ஜோடியிடம் சொல்கிறாள். காபி ஆறுகிறது என்று மீனிடம் சொல்கிறாள். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும் என்று மீனிடம் சொல்கிறாள். நேற்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "சில வீட்டுல கல்லைக்கூட விட்டுவைக்க மாட்டாங்க, அவிச்சுடுவாங்க, நீங்க ரெண்டு பேரும் ஜாக்கிரதையா இருங்க" என்கிறாள். அந்த மீன்களும் என்னைத் திரும்பிப் பார்க்கின்றன.

பாசி தின்ன நத்தை விடுங்கள் என்றார் கடைக்காரர். வாங்கி விட்டேன். உனக்குத் தெரியுமா, அந்த நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்தால் மல்லாந்துவிடும், தானே திரும்பத் தெரியாது. கடைக்குக் கிளம்புகிறவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நத்தைகளைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பாசியை அது தின்கிறதோ இல்லையோ, என் நேரத்தைத் தின்கிறது. அடுத்து, வெளிச்சம் பட்டால்தான் பாசி வளரும், விளக்கை அணைத்துத் தொட்டியைக் கறுப்புத் துணியால் சில நாள் மூடி வையுங்கள் என்றார். அந்த நேரத்துக்குக் கடையில் கைக்குக் கிடைத்த கறுப்புத் துணி ஒரு வக்கீலின் கவுன். அவர் வெளியூர் போயிருந்தார், வருவதற்குள் எடுத்துத் தோய்த்துவிடலாம் என்று போர்த்தினேன். வக்கீல் முன்னாலேயே வந்துவிட்டார். நான் இல்லாத நேரம் உன் அக்கா வாசலில் நின்றவரிடம் அதை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டாள். உப்புத்தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். கவுன் முழுக்க வெள்ளைக் கோடு, கிட்டப்போனால் மீன்பிடிப் படகு வாடை. கோர்ட்டில் நீதிபதி ஜன்னலைத் திறக்கச் சொன்னாராம். பரம்பரையாகத் துணி போட்டவர் இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார்.

இவ்வளவு செய்தும் பாசி அடங்கவில்லை. ஏன் தெரியுமா? இதைக் கேட்டு நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். சுத்தமான தண்ணீர் ஊற்றச் சொன்னாய் அல்லவா? ஊரிலேயே சுத்தமான தண்ணீர் என் கடைத் தண்ணீர்தான் என்று எனக்குப் பெருமை. பாய்லரில் உப்பு படியாமல் இருக்கப் பவுடர் போட்ட தண்ணீர், வெள்ளைச் சட்டை அதில் அலசினால் கண்ணைப் பறிக்கும். அதைத்தான் தினமும் குடத்தில் கொண்டுவந்து, சிந்தாமல் சிதறாமல், பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் தொட்டியில் ஊற்றினேன். பாசிக்கு என்ன தீனி என்று மீன்கடைக்காரரைக் கேட்டேன், பாஸ்பேட் என்றார். மறுநாள் பவுடர் கொடுக்கிறவர் மூட்டையோடு வந்தார். இதில் என்னப்பா இருக்கிறது என்று சும்மா கேட்டேன். அவர் மூட்டையைத் தட்டிக்காட்டி, "பாஸ்பேட்தாண்ணே, துளிக்கூடக் கலப்படம் கிடையாது" என்றார்.

நான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கையாலேயே, என் கடையிலிருந்து, பாசிக்கு மூன்று வேளையும் விருந்து வைத்திருக்கிறேன். எந்தத் தண்ணீர் என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கேவலம் வருமா? அன்றோடு கடைத் தண்ணீரை நிறுத்தினேன். இப்போது வடிகட்டிய தண்ணீர் வாங்கி, வாரம் தவறாமல் உப்பு அளந்து கலக்கி, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுசு விடுகிறேன். தீனியைப் பாதியாகக் குறைத்தாயிற்று. கல்லில் இருக்கிற முடியைக் கல்லை எடுக்காமல் விரலாலேயே பிடுங்குகிறேன். நான் பிடுங்கினால் உன் அக்கா வாய் திறக்காமல் கிண்ணத்தை நீட்டுகிறாள். பாசி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அதற்காக என் கோபம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வா, தொட்டியை எடு, என் வீட்டை வீடாக விடு.

புது வேலையில் நீ மேன்மேலும் உயர வேண்டும், இவ்வளவு பெரிய தொட்டி வைக்கிற அளவுக்குப் பெரிய கூடம் உள்ள வீடு உனக்கு இந்த வாரமே அமைய வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீயே போன் செய்துவிட்டாய். உன் அக்கா எடுத்துப் பேசினாள், இன்றைக்கு உன் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது. பேசி முடித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியோடு வரப்போவதை மீனிடம் சொன்னாள். நல்லதாயிற்று, கடிதம் அனுப்புகிற செலவு மிச்சம் என்று நான் எழுந்தேன். அப்போது அவள் தலையைத் திருப்பி, "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை, மாப்பிள்ளை. என்னைத்தான் கேட்டாள். என்ன சொல்ல என்று கேட்டேன். "இப்பத்தான் ரெண்டு பேருமா பாடுபட்டு ஒரு நிலைக்குக் கொண்டு வந்திருக்கோம். அவன் கையில போனா மறுபடி பாசி ஏறிடும். அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள். ரெண்டு பேருமா என்றாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உன்னைத் திட்டினோம். இவ்வளவு நிம்மதியாக நாங்கள் பேசி எத்தனை காலமாயிற்று.

ஆகவே மேலே எழுதியதில் உன்னைத் திட்டிய வரிகள் மட்டும் செல்லும், மற்றதெல்லாம் ரத்து. மீன்கடைக்காரரிடமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வண்டியோடு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். வெறுங்கையோடு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், தொட்டியைத் தள்ளி நின்று பார்க்கலாம், கையை மட்டும் உள்ளே விடக் கூடாது. இதோ, உப்பு கலக்க நேரமாகிவிட்டது, "ஏங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். மீனை யாரும் "ஏங்க" என்று கூப்பிடுவதில்லை. நான் போகிறேன்.