பத்துப் பத்தாக எண்ணிய மொச்சை

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் படித்து, மொச்சையைக் கெடுத்தேன்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரி மூடிக் கிடந்தது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே அதிர்ஷ்டம். நானோ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி, பல்கலைக்கழகத்தில் தொண்டு நிறுவன மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழைகளுக்கு உதவுவது எப்படி என்று நான் கற்றுக்கொள்ள, ஓர் ஏழை மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். (இதிலுள்ள வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை.) போனில் கேட்டால், "இங்க ஒண்ணும் கொறையில்ல கண்ணு, நீ படி" என்பாள். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது.

கடைசித் தேர்வு களப்பணி. ஊர்த் தேவைகளைப் படமாக வரைந்து தரையில் விரிக்க வேண்டும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது முக்கியமோ அதன்மேல் நிறைய வைக்கச் சொல்ல வேண்டும். இதில் தேறினால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் குன்னூரில் எனக்காகக் காத்திருந்த வேலை. நான் எங்கள் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளையே தேர்ந்தெடுத்தேன். புளியங்கொட்டை போட்டோவில் எடுப்பாகத் தெரியாது என்று, வெள்ளை வெளேரென்று பெரிய மொச்சையாகப் பார்த்து வாங்கிப் போனேன். (மேதாவி!)

ரோடு, தண்ணீர், டாக்டர், பள்ளிக்கூடம், கக்கூஸ் என்று ஐந்து படம். நாற்பது பெண்கள் வந்தார்கள். முதல் வரிசையில் அம்மா. மதிப்பெண் போட வந்த மேடம் நாற்காலியில். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, நிமிர்ந்து போனார்கள். நான் கேமராவும் கையுமாகப் பறந்துகொண்டிருந்தேன். கடைசியில் எண்ணினால் நூற்றைம்பதுகூடத் தேறவில்லை.

"நாப்பது பேருக்கு நானூறு இருக்கணுமே?" என்றார் மேடம்.

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் குளிரில்! வேலை கைநழுவுகிற பயத்தில், பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்த பெண்களைப் பார்த்துக் கத்தினேன்: "மொச்சை எடுத்தவங்க திருப்பிக் குடுத்துருங்க. இது ஆய்வுப் பொருள்!"

அம்மாதான் முதலில் எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் கொட்டினாள்.

"எட்டுத்தான் இருக்குது கண்ணு. ரெண்டு கீழ உழுந்துருச்சு."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. அத்தனை பேர் முன்னால், அம்மாவின் காலடியில் மண்டியிட்டு அந்த இரண்டையும் தேடினேன். ஒன்று கிடைத்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்து முடிச்சை அவிழ்த்தார்கள். கணக்கு ஏறக்குறையச் சரியானது. "மக்கள் ஒத்துழைப்பு மிக நன்று" என்று மேடம் எழுதிக்கொண்டார். அவர் போனதும் மொச்சையைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனேன். "வேண்டாம் பாப்பா, உன்ற படிப்புக்கு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன்.

"ஏம்மா, ஒரு மொச்சைகூட நீ எதுலயும் வெக்கல?"

"அஞ்சு படத்துல அடுப்பு இல்லியே கண்ணு. எதுல வெக்கறது?"

சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது. இன்றும் எங்கள் வீட்டில் சர்க்கரை குறைந்தாலும் சரி, சில்லறை குறைந்தாலும் சரி, யாராவது "ரெண்டு கீழ உழுந்துருச்சு" என்பார்கள். எல்லோரும் சிரிப்போம். அம்மாதான் அதிகம் சிரிப்பாள். மொச்சைக் குழம்பு வைக்கிற அன்று மட்டும், நான் போதும் போதும் என்றாலும் கேட்காமல், கரண்டி கரண்டியாக என் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாள். என்னால் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாது.