முற்றும் வந்தால் நில்

மச்சினன் எழுதிய அந்தத் தலையணை நாவலை உட்கார்ந்து படிப்பதில்லை என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். ஏற்கெனவே அதன் இரண்டாம் பாகத்தை எழுத இவருடைய அறை வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கக்கூடிய ஒரே அறை அது. தலைகீழாக நின்றாலும் தருவதாக இல்லை.

"சரி, அறைதான் இல்லன்னுட்டீங்க. எழுதினதையாவது முழுசாப் படிச்சுச் சொல்லுங்க" என்று மனைவி இறங்கி வந்தபோது மட்டும் தலையாட்டிவைத்தார்.

தொழில் புரோகிராமர். படிக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டினார். ஃபைலை வரிவரியாக எடுக்க, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் எழுதினார். காலி வரியா, தாண்டு. வர்ணனையா, தாண்டு. யாராவது பேசினால் மட்டும் எடுத்து வை. நாவலில் பக்கம் பக்கமாக மழை பெய்திருந்தது. இவர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஓடிக்கிட்டே இருக்கு?"

"ஆபீஸ் வேலை. ஃபைலை வரிவரியாப் படிக்குது."

"எங்கதான் நிக்கும்?"

"'முற்றும்'னு வரும். அங்க நின்னுடும்."

"ஆபீஸ் ஃபைல்ல முற்றும்னு வருமா?"

"இப்பல்லாம் வருது."

"அதுக்குக் கீழ ஏதாவது இருந்தா?"

"பாக்காது. எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் கெட்டிக்காரத்தனம்."

"அதுவும் சரிதான்" என்று போனவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். சற்று நேரத்தில் நாவல் மறுபடி வந்தது. பிழை திருத்தியிருக்கிறானாம். இவர் அலட்டிக்கொள்ளாமல் லூப்பை இன்னொரு தரம் ஓட்டினார். தேறிய இரண்டு பக்கத்தை மேய்ந்துவிட்டு மூடிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான்.

"அத்தான், முழுசாப் படிச்சீங்களா?"

"கடைசி வரி வரைக்கும்."

"அந்தக் கடைசி வரியில உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?"

"ஒரு எழுத்தை மாத்தாதே. படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு."

இப்போது அவன் கண் கலங்கியது. வாசலுக்குப் போய்ப் பெட்டியும் மேசை விளக்குமாகத் திரும்பி, நேரே அவருடைய அறைக்குள் நுழைந்தான்.

"எங்கடா போறே?"

"நீங்க கண் கலங்கின வரி இதுதாங்க" என்று மனைவி ஃபோனை நீட்டினாள். 'முற்றும்' என்பதற்குக் கீழே இருந்தது: 'இரண்டாம் பாகம் முடியும் வரை தம் அறையை மனமுவந்து விட்டுக்கொடுத்த அத்தானுக்கு நன்றி.'

படிக்கவில்லை என்று இனிமேல் சொல்லவும் வழியில்லை.

"இரண்டாம் பாகம் எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"நீங்க இவ்வளவு ரசிச்சுப் படிக்கறப்ப, இனிமே முற்றும் போடறதாவே இல்ல, அத்தான்."