மாமனார் கண்டுபிடித்த கட்டி

பிரிட்ஜுக்குள் வைத்த பொருள் வைத்தவனுக்குச் சொந்தமில்லை, திறந்தவருக்கே சொந்தம். இதை உணர நான் ஒரு கல்லீரலை இழக்க வேண்டியிருந்தது.

என்னுடைய கல்லீரல் அல்ல, நான் செய்தது. ஸ்கேன் படத்தில் கட்டியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுவது என் ஆராய்ச்சி. (டாக்டர் பட்டம் உண்டு, ஊசி போடத் தெரியாது.) அதைச் சோதிக்க யாரிடமும் கல்லீரலை இரவல் கேட்க முடியாதே! கடல்பாசியைக் காய்ச்சி, ஸ்கேனில் சதைபோலத் தெரிய, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் இசப்கோல் உமியைக் கலந்து, கட்டிக்குப் பதில் நடுவில் ஒரு திராட்சையைப் புதைத்துப் போலிக் கல்லீரல் செய்வோம். திங்கட்கிழமை கோவையில் பேராசிரியர் முன்னால் சோதனை. சனிக்கிழமை எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு பிரிட்ஜில் அது இறுகிக்கொண்டிருந்தது.

அன்றுதான் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே வந்த வரன்களெல்லாம் என் வேலை என்னவென்றே புரியாமல் திரும்பிப் போயிருந்தன. இந்தப் பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்தோ என் மூளையில் சிக்னல் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியிருந்தது.

அம்மா தட்டுகளோடு வந்தார். வழுவழுவென்று, துண்டு துண்டாக என் கல்லீரல். மேலே சர்க்கரைப் பாகும் முந்திரியும் வேறு.

“பையனே கிண்டி வெச்சானுங்க!”

பெண்ணின் அப்பா ஒரு துண்டை விழுங்கினார். இன்னொன்றை எடுத்துக் கடித்தவர், “நடுவுல என்னமோ சிக்குதுங்களே தம்பி?” என்றார்.

என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது. “அது கட்டிங்க மாமா!”

“என்ன கட்டி?”

“கல்லீரல்ல வர்றதுங்க.”

“சனிக்கெழமையும் அதுவுமா கல்லீரலா!” பெண்ணின் அத்தை தட்டைத் தள்ளிவிட்டார். கடல்பாசி, திராட்சை, இசப்கோல் என்று நான் பட்டியல் ஒப்பிப்பதற்குள் காபிகூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள்.

“மத்த நேரமெல்லாம் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருப்பே. இன்னிக்குன்னு பாத்துத் தொறந்தியேடா!” என்றார் அம்மா.

மறுநாள் காலை பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, ரொம்ப வருசமா என்ற வயித்துக்கு இப்புடியொரு நிம்மதி கெடைச்சதில்லீங்க. பையன் படிப்பு வீண்போகலீங்க. தட்டு மாத்திக்கலாமுங்களா?”

இசப்கோல் செய்த சம்பந்தம்!

திங்கட்கிழமை பேராசிரியர், “கல்லீரல் எங்கே?” என்றார்.

“மாமனார் சாப்பிட்டுட்டார் சார்.”

என் மென்பொருள் பிறகு எத்தனையோ கட்டிகளைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் குடும்ப விசேஷங்களில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மாமனார் முந்திக்கொள்வார்:

“இவிய மெசினுக்கு மூணு வருசமுங்க. நானு ஒரே கடியில கண்டுபுடிச்சேன்.”